பதினொரு பல் சக்கரம்

கணேசபாண்டியன் மகள் மாலதிக்கு முகைதீன் பன்னிரண்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. வாங்கியது 2019 நவம்பரில். மாநிலப் போட்டி முடிந்த மறுவாரமே தந்துவிடுவதாகப் பேச்சு. அந்த மறுவாரம் வந்து போய் ஐந்தரை வருடம் ஆகிவிட்டது.

கையில் பணம் இல்லாமல் இழுத்தடித்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாராவி தொண்ணூறடி சாலையில் முகைதீன் சைக்கிள் பட்டறை என்றால் பச்சைக்குழந்தையும் கை காட்டும். ஷட்டர் அவர் பேரில், மின்சார மீட்டர் அவர் பேரில், மேலே இருக்கிற ஒற்றை அறை அவர் பேரில். யாரிடமும் ஒரு டீக்காசு பாக்கி வைக்காத மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு சின்னப்பெண்ணின் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்றால் சங்கதி பணத்தில் இல்லை.

கடையநல்லூரிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். இந்தி பேசுவார், மராட்டியில் திட்டுவார். இங்கிலீஷ் மட்டும் அவருக்கு எட்டாது, அவரும் அதை எட்ட முயன்றதில்லை. பதனிட்ட தோலை சைக்கிள் கேரியரில் எண்பது கிலோ கட்டி தாராவியிலிருந்து பைக்குல்லா வரைக்கும் மிதித்தவர் அவர். அந்த வயதில் மற்ற பையன்கள் எண்பது கிலோவைத் தூக்கிப் பார்த்திருப்பார்களா? மிதிக்கிற சைக்கிள் கெட்டுப்போனால் கூலி கெட்டுப்போகும் என்று தானாகவே பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவன் என்று ஒருவன் பேரைச் சொல்லச் சொன்னால் சொல்ல ஆள் கிடையாது. இருபத்தொரு வயதில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சுதந்திர தினத்துக்கு வைத்த பந்தயத்தில், ரேஸ் சைக்கிளில் வந்த காலேஜ் பையன்கள் பதினாறு பேரை அந்தத் தோல்மூட்டைச் சைக்கிளாலேயே அடித்தார். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அந்தக் குடம் இன்றைக்கும் பட்டறை மேல்தட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அவரே இறக்கித் துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்தக் குடத்தின் ருசிதான் அவரைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விட்டது. கைக்கு நாலு காசு வந்த பிறகு ஒரு சங்கம் பதிவு செய்தார். தொண்ணூறடி சைக்கிள் சங்கம். தோல்பட்டறைப் பிள்ளை, பழைய பிளாஸ்டிக் பொறுக்குகிறவன் பிள்ளை, தையல் மிஷினில் நூல் வெட்டுகிற பிள்ளை, இவர்கள்தான் அவருடைய ஆட்கள். முதல் இரண்டு மாதம் ரேஸ் சைக்கிளைத் தொடவே கூடாது. கேரியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்று தருவார். கேரியரில் மூடியில்லாத அகல டப்பா, டப்பா நிறையத் தண்ணீர். ஷட்டரிலிருந்து டி-ஜங்ஷன் வரைக்கும் கைவண்டிக்கும் ஆட்டோவுக்கும் ஆட்டுக்கும் நடுவே போய்த் திரும்பி வரவேண்டும். எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று விரல் விட்டுப் பார்ப்பார். மழைக்காலத்தில் பட்டறைக்குள்ளேயே, சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும்படி, உருளை மேல் மிதிக்க வேண்டும். பழைய இரும்புக் குழாயில் பால்ரஸ் குண்டு வைத்து அவரே செய்த உருளை. கடையில் விற்கிறதைவிட அது நன்றாகவே ஓடும். அதற்கப்புறம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸின் அகலச் சாலையில் காலை ஐந்து மணிக்கு, முன்னால் போகிறவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிப் போகிற பழக்கம். அதையெல்லாம் கடந்தவனுக்குத்தான் பந்தயம். சுரேந்திரன் என்று ஒரு பையன், பிளாஸ்டிக் பொறுக்கியவன், இப்படி வந்தவன்தான். தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கி இன்றைக்கு ரயில்வேயில் உட்கார்ந்து சம்பளம் எண்ணுகிறான்.

மாலதியை அவர் தேடிப் போகவில்லை. அவள் இட்லியோடு வந்தாள்.

கணேசபாண்டியனுக்கு இட்லி வியாபாரம். தாராவியிலிருந்து விடியும் முன்னே சைக்கிளில் அலுமினியப் பானையைக் கட்டிக்கொண்டு, பீப்பி ஹாரனை அழுத்திக்கொண்டு, மாட்டுங்கா, செம்பூர் என்று போகிறவர்களில் ஒருவர். ஒரு மழையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அந்த இரண்டு மாதம் பதினாலு வயது மகள் வண்டியை எடுத்தாள். ஒருநாள் காலை முகைதீன் ஷட்டரைத் தூக்கும்போது பார்த்தார். பின்னால் இருநூற்றைம்பது இட்லி. ஹாண்டிலில் ஒருபக்கம் சாம்பார் வாளி, மறுபக்கம் சட்னி வாளி. எதிரே பஸ் சடாரென்று பிரேக் போட்டது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே கிடந்த இடைவெளியில் அந்தப் பெண் நுழைந்து வெளியே வந்தாள். தோள் அசையவில்லை. வாளி ஆடவில்லை. முகைதீன் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். தண்ணீர் டப்பாப் பாடம் இவளுக்கு எதற்கு என்று தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலமே மாவுக்கட்டோடு கிடந்த கணேசபாண்டியனிடம் போய்ப் பேசினார். கணேசபாண்டியன் சிரித்தார். "பொட்டப்புள்ளய ரேஸுக்கு விட்டா நாளைக்கு எவன் கட்டுவான் பாய்?"

"கட்டுறவன் சைக்கிள்ல வரட்டும். இவள முந்திட்டான்னா கட்டிட்டுப் போவட்டும்."

"அப்ப இவ கடைசி வரைக்கும் எங்கூடத்தான் இருப்பா," என்றார் கணேசபாண்டியன். அப்படிச் சிரித்தபடியே சம்மதித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து முகைதீன் பட்டறைக்குத் திரும்பும்போது மேஜை மேல் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருக்கும். சங்கத்துப் பிள்ளைகளுக்கு நாற்பது இட்லி. காசு கொடுத்தால் கணேசபாண்டியன் வாங்கமாட்டார். கொடுக்கவும் முகைதீனுக்கு மனசு வராது. அது கணக்குக்குள் வராத சாப்பாடு.

மூன்று வருடத்தில் மாலதி எப்படி வளர்ந்தாள் என்பதைப் பட்டறைச் சுவரைப் பார்த்தால் தெரியும். முதல் படத்தில் தொளதொள சட்டையும் செருப்புக்காலும். அடுத்ததில் இரவல் ஷூ. அதற்கடுத்ததில் பதக்கம். 2019 அக்டோபரில் புனேயில் முதல் பரிசு, பன்னிரண்டாயிரம் ரூபாய் ரொக்கம். அவளுக்கு அப்போது பதினேழு. டிசம்பரில் நாசிக் பக்கத்தில் மாநில ஜூனியர் போட்டி. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதில் முதலாவதாக வருகிற பெண்ணை தேசியப் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள். சாப்பாடு, சைக்கிள், டாக்டர், பள்ளிக்கூடம், எல்லாம் அரசாங்கம். மாலதிக்கு அந்த ஒரே ஒரு டிசம்பர்தான் பாக்கி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

அப்போதுதான் முகைதீன் அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். செம்பூரில் ஒரு பணக்காரர் வீட்டில் விற்பனைக்கு வந்தது. பஞ்சுபோல எடை. பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரம், ஆகச் சின்னதில் பதினொரு பல். பின்னால் பல் குறையக் குறைய ஒரு மிதிக்குச் சைக்கிள் போகிற தூரம் கூடும். கால் வலு உள்ளவனுக்கு அது குதிரை. விலை பதினெட்டாயிரம். ஆறாயிரம் முகைதீன் போட்டார். மீதிக்கு கணேசபாண்டியனிடம் போய் நின்றார். புனேப் பணத்தில் புது கிரைண்டர் வாங்குவதாக அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய கிரைண்டரின் மோட்டார் புகைந்துகொண்டிருந்தது.

"மாநிலப் போட்டி முடிஞ்ச மறுவாரம் தந்திருதேன் பாண்டி," என்றார்.

கணேசபாண்டியன் மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். செய்தித்தாளில் சுற்றிய பணத்தை அவளே எடுத்து வந்து கொடுத்தாள். எண்ணிக்கொள்ளச் சொன்னாள். முகைதீன் எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டார். உன் காசை நான் எண்ணினால் அது மரியாதையா என்று கேட்டார். அப்படிப் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

சக்கரம் பூட்டிய முதல் வாரமே மாலதி முழங்காலில் வலிக்கிறது என்றாள். புது வேகத்துக்கு உடம்பு பழகவேண்டும் என்று சொல்லித் தைலம் வாங்கிக் கொடுத்தார். அதே வாரம் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து சுற்றறிக்கை வாட்ஸப்பில் வந்தது. இங்கிலீஷில் நாலு பக்கம். மாலதி உருளை மேல் மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"பாய் மாமா, ரூல்ஸ் வந்திருக்காமே. நான் வாசிச்சுச் சொல்லட்டுமா?"

"நான் முப்பத்தஞ்சு வருஷமா சைக்கிளப் பாக்கேன். எனக்கு நீ ரூல் வாசிப்பியா? நீ மிதி."

அவள் மிதித்தாள். அவர் போனை மூடி மேஜைக்குள் வைத்தார். அதுவரை அவருடைய பிள்ளைகள் ஓட்டியதெல்லாம் மட்டமான விலைக்கு வாங்கிய சக்கரங்கள். பதினாலு பல்லுக்குக் கீழே அவற்றில் கிடையாது. ஆகவே எந்த விதியிலும் அவர் முட்டிக்கொண்டதில்லை. முட்டாத வரைக்கும் விதி என்று ஒன்று இருப்பதே தெரியாது அல்லவா?

நாசிக்கில் தனித்தனியாகப் புறப்பட்டு நேரத்தோடு மோதுகிற போட்டி. மாலதி இரண்டாமவளைப் பதினோரு விநாடி முந்திக்கொண்டு வந்தாள். முகைதீன் கோட்டருகே நின்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் நம்ம தாராவிப் பெண், இட்லி வண்டிப் பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முதல் மூன்று பேருடைய சைக்கிளைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

தரையில் இரண்டு வெள்ளைக் கோடு. நடுவே ஏழு மீட்டர் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். கியரை ஆக வேகமானதில் வைத்து, பெடலை நேர்கீழாக நிறுத்தி, முதல் கோட்டிலிருந்து சைக்கிளைப் பின்னால் உருட்டுவார்கள். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடியும்போது சக்கரம் இரண்டாவது கோட்டைத் தாண்டக் கூடாது. பதினெட்டுக்கு உட்பட்டவர்களுக்கு அதுதான் எல்லை. மற்ற இரண்டு சைக்கிளும் கோட்டுக்குள் நின்றன. மாலதியின் சக்கரம் கோட்டைத் தாண்டியது. தாண்டி, ஒரு ஆள் நீளம் போய் நின்றது.

வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி முகைதீனைக் கூப்பிட்டார். இந்தியில்தான் கேட்டார். சுற்றறிக்கை அனுப்பினோமே, வாசிக்கவில்லையா? இந்தச் சக்கரத்தை மாட்டியது யார்? பயிற்சியாளர் மாட்டியிருந்தால் சங்கத்தின் பதிவு இரண்டு வருடம் ரத்து என்றும் சொன்னார். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். மற்ற ஊர்க் கோச்சுகள், பெற்றோர்கள், கையில் பைல் வைத்தவர்கள்.

மாலதி ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. பதில் சொல்கிறவர் பக்கத்தில் நிற்கிறார் என்கிற பார்வை.

"எனக்குத் தெரியாது சாப். பொண்ணு தானா மாத்திருக்கும்," என்றார் முகைதீன்.

அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். விதி தெரிந்தே வீராங்கனை சக்கரத்தை மாற்றியதாகக் குறிப்பு. ஒரு வருடத் தடை. இரண்டாவதாக வந்த பெண் முகாமுக்குப் போனாள். மாலதி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

டெம்போவில் திரும்பும்போது அந்தச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தாராவியில் இறங்கி அதை ஷட்டரில் சாய்த்து வைத்தாள். விழாதபடி ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். பிறகு போனவள்தான்.

மறுநாள் கணேசபாண்டியன் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "புள்ளதான் மாத்துச்சுன்னு சொன்னியளாமே பாய்."

"அங்க நடந்தது உனக்குத் தெரியாது பாண்டி. ஆறு புள்ளைய மத்தியானப் போட்டிக்கு நின்னுட்டு இருந்துச்சு. சங்கம் போயிருந்தா அதுகளும் போயிருக்கும்."

"சரி பாய்." கொஞ்ச நேரம் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சக்கரம் வாங்கப் போனது நீங்க. மாட்டுனது நீங்க. எம் புள்ள மிதிச்சதோட சரி. அதாம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மேஜை மேல் பொட்டலம் இல்லை. பிள்ளைகள் இரண்டு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆறு பேருக்காக ஒருத்தி என்கிற கணக்கை முகைதீன் வெகுநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். தூக்கம் வராதபோது அந்த ஆறு பேரையும் பேர் சொல்லி எண்ணிப் பார்ப்பார். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் தன்னை ஏய்க்க ஒருவனால் எத்தனை நாள் முடியும்? அந்த நிமிடத்தில் ஆறு பேரில் ஒருவன் முகம்கூட அவர் மனதில் இல்லை. இருந்தது ஒரே ஒரு கேள்விதான். வாசிக்கவில்லையா? எண்பது கிலோ மிதித்தவர், ஒற்றை ஆளாகக் கடை கட்டியவர், அந்தக் கூட்டத்துக்கு நடுவே எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். அதைச் சொல்வதைவிட ஒரு பெண்பிள்ளையின் டிசம்பரைக் கொடுத்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தடை முடிந்தபோது மாலதிக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. முகைதீன் அந்தச் சக்கரத்தை வந்த விலைக்குத் தள்ளினார். அதிலிருந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்துக் குடத்துக்குள் போட்டார். ரம்ஜான் மாதத்தில் ஒருநாள் அந்தப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் சந்துக்குப் போகவும் செய்தார். மாலதி அப்பாவின் இட்லி சைக்கிளில் வீடு வீடாக அரிசிப் பை இறக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் துணி கட்டியிருந்தாலும் அந்தத் தோளைத் தெரியாதா அவருக்கு? பணத்தைக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். சக்கரத்துக்கு என்றால் எந்தச் சக்கரம், யார் மாட்டிய சக்கரம் என்று பேச்சு போகும். பாதிச் சந்தில் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் சுரேந்திரனுக்குப் போன் போட்டு வாசிக்கச் சொல்வது வழக்கமாயிற்று. கண்ணாடி உடைந்துவிட்டது என்பார். ஐந்து வருடத்தில் எத்தனை கண்ணாடி உடைந்தது என்று சுரேந்திரன் கேட்டதில்லை. அப்படி ஒருநாள் வாசிக்கும்போதுதான் அந்த எல்லை எதற்கு என்று தெரியவந்தது. வளர்கிற பிள்ளைகள் கனத்த கியரை மிதித்தால் முழங்கால் கெட்டுப்போகும், அதற்காகத்தானாம். முகைதீன் போனை வைத்துவிட்டு, தைலப் புட்டி இருந்த தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே பட்டறையில் இருந்த பிள்ளைகள் சைக்கிள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, பெரிய பிள்ளைகளுக்கென்று பிறகு வாங்கியதில்கூடப் பதினாலு பல்லுக்குக் கீழே இருந்ததை எல்லாம் கழற்றி எறிந்தார்.

இந்த வருடம் ஜூனில் மழை பிடித்த முதல் வாரம் மாலதி வந்தாள்.

பட்டறைக்குள் ஷைஸ்தா உருளை மேல் மிதித்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் மகள், பதினைந்து வயது, சங்கத்தில் இப்போது அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது, வாயும் அதற்கேற்ற நீளம். வாசலில் குடையை மடக்கியவளைப் பார்த்ததும் மிதிப்பதை விடாமல் சுவரைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"மாமா, இந்த அக்கா நம்ம செவுத்துல நாலு எடத்துல இருக்காங்க. படிக்கப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க?"

மாலதி அதைக் கேட்டு லேசாகச் சிரித்தாள். வாசல்படி ஏறும்போது வலது முழங்காலில் கை வைத்து ஏறினாள். இருபத்துமூன்று வயதுப் பெண். முகைதீன் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. செம்பூரில் மாநகராட்சிப் பள்ளிப் பெண்களுக்கு இரண்டு வருடமாகச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறாள். இதுவரை சம்பளம் இல்லை. இப்போது உதவிப் பயிற்சியாளர் என்று சம்பளத்தோடு ஒரு வேலை வந்திருக்கிறது. ஆனால் பட்டியலிலிருந்து அவள் பேரை நீக்கிவிட்டார்கள். பழைய பைலைப் பார்த்தபோது 2019 குறிப்பு கிடைத்திருக்கிறது. தெரிந்தே விதியை மீறியவளிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்கிறார்கள். அன்றைக்கு மாட்டியது யார் என்று சங்கத்துத் தலைவர் எழுதிக் கொடுத்தால் குறிப்பை நீக்குவார்கள். திங்கட்கிழமை கடைசி நாள்.

"நீங்க சைன் போட்டா சங்கத்த ரெண்டு வருஷம் நிறுத்திருவாங்க பாய் மாமா. அதையும் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். மறைச்சு வாங்கக் கூடாதுல்ல."

பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டைப் செய்த இங்கிலீஷ். முகைதீன் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போதும் செய்கிறதுபோல மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். இரண்டு முறை தலையை ஆட்டினார். கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு தாளை மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது புள்ள. நீயே வாசி."

உருளையின் சத்தம் குறைந்தது. ஷைஸ்தா மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் பாய் மாமா," என்றாள் மாலதி.

"எப்பருந்து?"

"நான் வந்த வருஷமே. எந்த ஃபார்ம் வந்தாலும் எங்க கையில குடுத்துட்டு டீ வாங்கப் போவிய. திரும்பி வரும்போது நாங்க நிரப்பி வச்சிருப்போம். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டோம்."

முகைதீன் வாசல் பக்கம் பார்த்தார். தெரு முழுக்க ஆட்டோ ஹாரன். தகரக்கூரை மேல் மழை.

"அப்ப நாசிக்ல? ஏன் இப்படின்னு தெரிஞ்சுருக்குமே உனக்கு. வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்துட்டே நின்னேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு வாசித்தாள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொன்னாள். இன்ன வருடம் இன்ன போட்டியில் மாலதி கணேசபாண்டியன் ஓட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தை மாட்டியவன் நான். கியர் எல்லையைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அன்று அதிகாரியிடம் நான் சொன்னது தவறான புரிதலால் நேர்ந்தது.

"நிறுத்து. அது என்ன, கடைசில?"

"தவறான புரிதல். சும்மா மரியாதைக்குப் போட்டுருக்கேன்."

"அதை அடி. பொய் சொன்னேன்னு போடு. எழுதுனா சரியா எழுதணும். நாளைக்கு எவனும் முகைதீன் பாதி எழுதிக் குடுத்தான்னு சொல்லக் கூடாது."

மாலதி பேனாவால் அந்த வரியை அடித்து மேலே எழுதினாள். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். மு. முகைதீன், தலைவர், தொண்ணூறடி சைக்கிள் சங்கம். தலைவர் என்பதை எழுதும்போது பேனா கொஞ்சம் தங்கியது. பத்தொன்பது வருடம் போட்ட கையெழுத்து. இனி இரண்டு வருடம் அதைப் போட இடம் இருக்காது.

"அப்ப நான்?" என்றாள் ஷைஸ்தா. "எனக்கு ஆகஸ்ட்ல ரேஸ்."

மாலதி எழுந்து போய் அவளை இறங்கச் சொன்னாள். சைக்கிளைத் தரையில் வைத்து, கியரை மாற்றி, குனிந்து பின்சக்கரத்துப் பல்லை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினாலு. அடுத்த சைக்கிளுக்குப் போனாள். அதிலும் பதினாலு. சுவரோரம் இருந்த ஐந்து சைக்கிளையும் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கு செம்பூர் வந்துரு. மத்த புள்ளைங்களையும் கூட்டிட்டு வா. எங்க செம்பூர் டீம் பேர்ல ஓட்டலாம்," என்று ஷைஸ்தாவிடம் சொன்னாள். "சைக்கிள் ரிப்பேருக்கு மட்டும் இங்கதான் வரணும். எங்க பக்கம் மெக்கானிக் எல்லாம் வேஸ்ட்."

"பம்பாய்லயே வேஸ்ட்," என்றார் முகைதீன்.

மாலதி தாளைப் பைலுக்குள் வைத்துக் குடையை எடுத்தாள். அவர் அவளை நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டிலிருந்து குடத்தை இறக்கினார். ஷைஸ்தா தாங்கிப் பிடிக்க வந்தாள். இந்த முறை அவர் தடுக்கவில்லை. உள்ளே கைவிட்டு, ரப்பர் பாண்டு போட்ட கட்டை எடுத்தார். ரப்பர் பாண்டு இற்றுப்போய்த் தொட்டதும் அறுந்தது.

"புனேக் காசு," என்றார். "கிரைண்டர் வாங்க வச்சிருந்தது."

"கிரைண்டர் அப்பவே வாங்கியாச்சு பாய் மாமா. அப்பா லோன் போட்டாரு."

"அது உங்கப்பா காசு. இது உன் காசு."

கட்டாக நீட்டினார். மாலதி வாங்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலதுகையை விரித்து நீட்டினாள். ஹாண்டில் பிடித்துக் காய்த்த உள்ளங்கை.

"எண்ணிக் குடுங்க."

முகைதீன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஐந்நூறு ரூபாய் நோட்டு இருபத்துநாலு. ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையில் வைத்தார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். பத்தாவது நோட்டில் எண்ணிக்கை தப்பிப்போயிற்று. மாலதி திருத்தவில்லை, பொறுத்து நின்றாள். அவர் கட்டைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஷைஸ்தா குடத்தை மார்போடு பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு. கடைசி நோட்டை வைத்த பிறகும் மாலதியின் கை மூடவில்லை. அவர் அதன் மேல் தன் விரல்களை ஒருகணம் வைத்து, நோட்டுகளை ஓரம் சேர்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.